ஸ்காட்லாந்துப் போருக்குக் கார்ன்வால் ஏன் பணம் கட்ட வேண்டும்? 1497 வரிக் கிளர்ச்சியின் பின்னணி

இங்கிலாந்து வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லும் புத்தகங்களில் 1497-இன் கார்ன்வால் கிளர்ச்சிக்கு ஒரு வரிதான் கிடைக்கும்: வரி கட்ட மறுத்த கார்ன்வால் மக்கள் லண்டன்வரை நடந்து வந்தார்கள், ஏழாம் ஹென்றி அவர்களைத் தோற்கடித்தார். இதைப் படிப்பவருக்கு இயல்பாகவே சில குழப்பங்கள் வரும். அந்த வரியை நாடாளுமன்றம் முறைப்படி நிறைவேற்றியிருந்தது, அப்படியிருக்க என்ன கோபம்? நாட்டின் தென்மேற்குக் கோடியிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து வந்தபோது வழியில் ஏன் யாரும் தடுக்கவில்லை? எல்லாவற்றுக்கும் மேலாக, போரில் ஜெயித்த அரசர் அதற்குப் பிறகு அப்படியொரு போர் வரியை ஏன் கேட்கவே இல்லை?

இவற்றுக்குப் பதில் தெரிய வேண்டுமானால் அந்தக் காலத்தில் வரி எப்படி வேலை செய்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். போர்க்களக் கதை அப்புறம் வரட்டும்.

அரசருக்குப் பணம் எங்கிருந்து வந்தது

இன்றைக்கு நாம் வரி என்றால் வருடா வருடம் கட்டுவது என்று நினைக்கிறோம். பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்படி இல்லை. அரசர் தன் சொந்த வருமானத்தில் காலம் தள்ள வேண்டும் என்பதுதான் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கொள்கை. சொந்த வருமானம் என்றால் அரச நிலங்களின் குத்தகை, துறைமுகச் சுங்கம், நீதிமன்ற அபராதங்கள், நிலமானிய முறையில் பிரபுக்கள் அரசருக்குச் செலுத்த வேண்டிய பலவகைக் கட்டணங்கள். ஏழாம் ஹென்றி இவற்றை மிகக் கவனமாகப் பெருக்கியவர். அவருடைய ஆட்சியின் கடைசிக் காலத்தில் இந்த வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது.

நேரடி வரி என்பது விதிவிலக்கு. போர் வந்தால், அதுவும் நாட்டைக் காக்கும் போர் என்றால், அரசர் நாடாளுமன்றத்தைக் கூட்டிக் கேட்பார், அவர்கள் ஒரு தொகைக்குச் சம்மதிப்பார்கள், அதோடு முடிந்தது. ஆகவே ஒவ்வொரு முறை நேரடி வரி கேட்கும்போதும் அதற்குள் ஒரு வாக்குறுதி இருந்தது: இது அவசரம், இது எல்லோருக்குமான ஆபத்து, அதனால்தான் கேட்கிறேன். ஆபத்து எல்லோருக்குமானதுதானா என்று யாராவது சந்தேகப்பட்டால் வரியின் அடித்தளமே ஆடிப்போகும். கார்ன்வாலில் நடந்தது இதுதான் என்பது என் கருத்து.

பதினைந்தில் ஒன்று, பத்தில் ஒன்று

வழக்கமான நேரடி வரிக்கு இப்படித்தான் பெயர். கிராமப்புறங்களில் அசையும் சொத்தின் மதிப்பில் பதினைந்தில் ஒரு பங்கு, நகரங்களிலும் அரசரின் சொந்த நிலங்களிலும் பத்தில் ஒரு பங்கு. அசையும் சொத்து என்றால் ஆடுமாடு, தானியம், சரக்கு போன்றவை. ஆரம்பத்தில் ஒவ்வொரு வீட்டுச் சொத்தையும் உண்மையிலேயே மதிப்பிட்டார்கள். ஆனால் 1334-இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. தனித்தனி மதிப்பீட்டைக் கைவிட்டு, இந்த ஊருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்துவிட்டார்கள். அதை ஊருக்குள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது ஊராரின் பாடு.

இதன் விளைவுகள் முக்கியமானவை.

1. தொகை எவ்வளவு என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். நாடு முழுவதும் சேர்த்து ஒரு தடவைக்கு ஏழாம் ஹென்றி காலத்தில் ஏறத்தாழ 30,000 பவுண்டு வரும்.

2. 1348-49 கொள்ளைநோயில் மக்கள்தொகை சரிந்து, ஊர்கள் தேய்ந்தும் வளர்ந்தும் போன பிறகும் பழைய கணக்கே பெருமளவு தொடர்ந்தது. இடையில் சில தள்ளுபடிகள் தந்தார்கள், அவ்வளவுதான். செல்வம் உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கே அரசரால் கை வைக்க முடியவில்லை.

3. அநியாயமாக இருந்தாலும் அது பழகிப்போன அநியாயம். வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து உன் களஞ்சியத்தைத் திறந்து பார்க்க மாட்டான்.

இந்த மூன்றாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசர் கூடுதல் பணம் வேண்டும் என்று நினைத்தால் ஒன்று இந்த வரியைப் பல மடங்காக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுவகை மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். 1497-இல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள்.

என்ன அவசரம் வந்தது

1490-களில் பர்கின் வார்பெக் என்ற இளைஞர் தன்னை முந்தைய அரசர் நான்காம் எட்வர்டின் இளைய மகன் ரிச்சர்ட் என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பிய அரசவைகளைச் சுற்றி வந்தார். லண்டன் கோட்டையில் காணாமல்போன இரண்டு இளவரசர்களில் ஒருவர்தான் தான் என்பது அவர் கூற்று. 1485-இல் பாஸ்வொர்த் போரில் ஜெயித்து அரியணை ஏறிய ஹென்றிக்கு இது உயிர்நிலைப் பிரச்சினை. ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸ் 1495-இல் வார்பெக்கை வரவேற்றார், தன் அரச குடும்ப உறவுப் பெண்ணான கேத்தரின் கார்டனை மணமுடித்து வைத்தார், 1496 செப்டம்பரில் அவரோடு எல்லை தாண்டி நார்தம்பர்லாந்துக்குள் புகுந்தார். சில நாள் கொள்ளையடித்தார்கள், இங்கிலாந்துக்காரர் ஒருவர்கூட வார்பெக் பக்கம் சேரவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள்.

படையெடுப்பு என்ற அளவில் அது சின்ன விஷயம். ஹென்றி அதை வைத்துப் பெரிய போருக்குத் தயாரானார். 1496 இலையுதிர்காலத்தில் ஒரு பெரிய ஆலோசனை மன்றத்தைக் கூட்டினார், வசதியானவர்களிடம் கடன் என்ற பெயரில் பணம் வசூலித்தார். இந்தக் கட்டாயக் கடனில் மட்டும் 50,000 பவுண்டுக்கு மேல் வந்தது. 1497 ஜனவரியில் நாடாளுமன்றம் கூடி இரண்டு பங்கு ‘பதினைந்தில் ஒன்று, பத்தில் ஒன்று’ வரிக்குச் சம்மதித்தது. அதற்கு மேல், அதே அளவு தொகைக்கு இன்னோர் உதவி வரிக்கும் சம்மதித்தது. எல்லாம் சேர்த்து 1,20,000 பவுண்டு. அரசரின் சாதாரண ஆண்டு வருமானத்தையே மிஞ்சும் தொகை இது, அதையும் ஒரே வருடத்துக்குள் கேட்டார்கள். ஒரு கூலித் தொழிலாளிக்கு நாளைக்கு 4 பென்னி கிடைத்த காலம்; 240 பென்னி ஒரு பவுண்டு.

இரண்டாவதாகச் சொன்ன உதவி வரியில்தான் சிக்கல். பழைய வரியை ஊரார் தங்கள் வழக்கப்படி பிரித்துக்கொண்டார்கள். உதவி வரிக்கோ ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள்; யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். எந்த ஆணையர் யாரிடம் நியாயமாக நடந்தார், யாரிடம் பழிதீர்த்தார் என்பதை ஊர் கவனிக்கத்தானே செய்யும்?

கார்ன்வாலில் மட்டும் ஏன் வெடித்தது

இதே வரி கென்ட்டிலும் நார்ஃபோக்கிலும் விதிக்கப்பட்டது. அங்கே முணுமுணுப்போடு நின்றது. கார்ன்வாலில் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

1. தூரம். பாட்மின் நகரிலிருந்து ஸ்காட்லாந்து எல்லைக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்காட்லாந்துப் படை கார்ன்வாலுக்கு வந்துவிடும் என்று யாரும் கனவில்கூட நினைத்திருக்க முடியாது. பொது ஆபத்து என்ற வாக்குறுதி இங்கே காதில் ஏறவே இல்லை.

2. வெள்ளீயம். கார்ன்வாலின் பொருளாதாரத்துக்கு ஆணிவேர் வெள்ளீயச் சுரங்கம். 1201-இல் ஜான் அரசரும் 1305-இல் முதலாம் எட்வர்டும் சாசனம் மூலம் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தனி நீதிமன்றங்களையும், சாதாரண வரிகளிலிருந்து விலக்கையும் தந்திருந்தார்கள். 1496-இல், கார்ன்வால் கோமகனாக இருந்த இளவரசர் ஆர்தரின் பெயரில் புதிய விதிகள் வந்தன. சுரங்கக்காரர்கள் அவற்றை ஏற்க மறுத்தார்கள். அவர்களுடைய பழைய உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே பெரிய வரி வந்து நின்றது. நேற்றுவரை நம்மைக் காத்த சாசனம் இன்றைக்கு இல்லை, அதே நேரத்தில் கேள்விப்படாத வரி என்றால் மனிதர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிளர்ச்சியில் சுரங்கப் பிரச்சினைக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தலைவர்கள் வெளிப்படையாகப் பேசியது வரியைப் பற்றித்தான். ஆனால் நெருப்பு பற்றிக்கொண்ட நிலம் ஏற்கனவே காய்ந்திருந்தது என்பதை மறுக்க முடியாது.

3. மொழியும் தனி வாழ்வும். கார்ன்வாலின் மேற்குப் பகுதியில் அன்றாடப் பேச்சு கார்னிஷ். ஆங்கிலத்தோடு நெருங்கிய உறவில்லாத, வெல்ஷ், பிரெட்டன் மொழிகளுக்கு நெருங்கிய கெல்டிக் மொழி. லண்டன் அவர்களுக்குத் தொலைவில் இருந்த இன்னோர் உலகம்.

4. தலைமை. கோபம் எங்கேயும் இருக்கும், அதற்கு வாயும் காலும் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. இங்கே இரண்டு பேர் கிடைத்தார்கள்.

கொல்லரும் வழக்கறிஞரும்

லிசார்ட் தீபகற்பத்தில் செயின்ட் கெவர்ன் என்ற ஊரில் மைக்கேல் ஜோசஃப் என்ற கொல்லர் இருந்தார். ஊரார் கார்னிஷ் மொழியில் அவரை ஆன் கோஃப் (கொல்லர்) என்று அழைத்தார்கள், வரலாற்றிலும் அந்தப் பெயரே நிலைத்தது. வரி வசூலை எதிர்த்து முதலில் மக்களைத் திரட்டியவர் அவர். கூட்டம் பாட்மினுக்கு வந்தபோது தாமஸ் ஃபிளாமாங்க் சேர்ந்துகொண்டார். அவர் வழக்கறிஞர், நிலம் வைத்திருந்த நல்ல குடும்பத்துப் பிள்ளை.

ஃபிளாமாங்க் வைத்த வாதத்தை நான் இந்த முழுக் கதையிலும் மிக முக்கியமான பகுதியாகப் பார்க்கிறேன். பசிக்கிறது, பணம் இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சட்டம் பேசினார். அவர் சொன்னது இதுதான்:

வடக்கு எல்லையைக் காப்பது அந்த எல்லையில் நிலம் வைத்திருக்கும் பிரபுக்களின் கடமை, அதற்காகத்தான் அவர்களுக்கு அந்த நிலமும் சலுகைகளும் தரப்பட்டிருக்கின்றன. அரசர் நேரில் ஸ்காட்லாந்துப் போருக்குப் போவதானால் அதற்கும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. படைச்சேவை செய்வதாகச் சொல்லி நிலம் பெற்றவர்கள், போருக்குப் போகாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பழைய வழி இருக்கும்போது, சாதாரண மக்களின் ஆட்டையும் மாட்டையும் கணக்கெடுத்து வசூலிப்பது எந்த நியாயம்?

இந்த வாதம் முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. படைச்சேவைக்கு ஈடான அந்த வரி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கொழிந்து கிடந்தது. நாடாளுமன்றம் சம்மதித்த வரியைச் சட்டவிரோதம் என்று சொல்லவும் வழியில்லை. ஆனால் இதில் ஒரு கூர்மை இருக்கிறது. வரி எவ்வளவு என்பதைவிட வரி எதற்கு, அந்தக் கடமை யாருடையது என்ற கேள்வியை அது முன்னால் வைக்கிறது. அன்றைய நாடாளுமன்றத்தில் கார்ன்வாலின் சிற்றூர்களில் இருந்து உறுப்பினர்கள் போனார்கள்தான். செயின்ட் கெவர்ன் கொல்லரை யாரும் எதுவும் கேட்டதில்லை. சட்டப்படியான சம்மதம் வேறு, கட்டப்போகிறவனின் சம்மதம் வேறு என்ற இடைவெளியை இவ்வளவு தெளிவாக வெளியே கொண்டுவந்த மனிதர் பாட்மினில் கிடைத்தது கார்ன்வாலின் அதிர்ஷ்டம்.

இன்னொன்று: அவர்கள் அரசரை எதிர்க்கவில்லை என்றார்கள். குற்றம் சாட்டியது இரண்டு ஆலோசகர்களை, கான்டர்பரி தலைமைப் பேராயரும் அரசின் தலைமை அமைச்சருமான ஜான் மார்ட்டன், நிதி விவகாரங்களில் அரசரின் வலதுகரமான ரெஜினால்ட் பிரே. அரசர் நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் கெட்டவர்கள் என்பது அந்தக் காலக் கிளர்ச்சிகள் எல்லாவற்றிலும் கேட்கும் குரல். அரசரை நேரடியாக எதிர்த்தால் தேசத்துரோகம், ஆலோசகரை எதிர்த்தால் அது மனு. மனுக் கொடுக்கப் போகிறோம் என்ற நம்பிக்கையோடுதான் அவர்களில் பலர் புறப்பட்டிருக்க வேண்டும்.

எட்டு ஆண்டுக்கு முன் யார்க்‌ஷரில்

கார்ன்வாலுக்கு முன்னோடி ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் ஹென்றியின் அணுகுமுறை புரியும். 1489-இல், இன்றைய பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரிட்டனியில் நடந்த சண்டைக்காக நாடாளுமன்றம் 1,00,000 பவுண்டு தருவதாகச் சொன்னது. வருமானத்தையும் சொத்தையும் புதிதாக மதிப்பிட்டு வசூலிக்கும் வரி அது. யார்க்‌ஷர் மக்கள் மறுத்தார்கள். ஸ்காட்லாந்து எல்லையைக் காக்கும் சுமை எங்கள் மேல் இருக்கிறது, தெற்குக்காரர்களின் சண்டைக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். இவர்களுக்காக நார்தம்பர்லாந்து பிரபு ஹென்றி பெர்சி அரசரிடம் பேசிப் பார்த்தார். ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தால் எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்று அரசர் மறுத்துவிட்டார். அந்தச் செய்தியோடு வந்த பெர்சியை 1489 ஏப்ரல் 28 அன்று தர்ஸ்க் அருகே கூட்டம் அடித்துக் கொன்றது.

அந்தக் கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. ஆனால் அந்த வரியில் நாடு முழுவதும் வசூலானது சுமார் 27,000 பவுண்டுதான், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1489-இல் வடக்கு சொன்னது, தெற்குச் சண்டைக்கு நாங்கள் கட்ட மாட்டோம். 1497-இல் தென்மேற்கு சொன்னது, வடக்குச் சண்டைக்கு நாங்கள் கட்ட மாட்டோம். ஒரே நாடு, ஒரே பாதுகாப்பு என்ற எண்ணம் அரசரின் கருவூலத்தில் இருந்த அளவுக்கு மக்களின் மனதில் இன்னும் உருவாகவில்லை.

நடைப்பயணம்

1497 மே மாதத்தில் கூட்டம் கார்ன்வாலைத் தாண்டி டெவன் வழியாக சாமர்செட்டுக்குள் வந்தது. வில், கோடரி, பண்ணைக் கருவிகள்தான் ஆயுதம். வழியில் பெரிய கொள்ளையோ அழிவோ இல்லை என்பதை எதிர்த்தரப்பு எழுத்தாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கொலை நடந்தது: டான்டன் நகரில், பென்ரினின் கிளாஸ்னி கல்லூரித் தேவாலயத் தலைவரைக் கொன்றார்கள். காரணம் அவர் வரி ஆணையர்களில் ஒருவர். புது மதிப்பீட்டின் மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வெல்ஸ் நகரில் ஆட்லி பிரபு ஜேம்ஸ் டச்செட் வந்து சேர்ந்தார். கடனில் தத்தளித்தவர், போர் அனுபவம் உள்ளவர். ஒரு பிரபு கிடைத்ததில் கூட்டத்துக்கு மரியாதை கூடியது, தலைமை அவர் கைக்குப் போனது. கூட்டம் 15,000 வரை பெருகியதாகச் சொல்வார்கள். பிரிஸ்டல் கதவைத் திறக்கவில்லை. சால்ஸ்பரி, வின்செஸ்டர் வழியாகக் கிழக்கே நடந்தார்கள்.

யாரும் தடுக்காததற்கு நேரடியான காரணம் இருக்கிறது. அரசரின் படை வடக்கே போய்க்கொண்டிருந்தது. எந்தப் போருக்காக வரி விதித்தார்களோ அந்தப் போருக்கு டாபனி பிரபு தலைமையில் 8,000 பேர் புறப்பட்டுவிட்டார்கள். தெற்கு காலியாக இருந்தது. அதோடு, சாமர்செட் பகுதியின் சின்னப் பிரபுக்களும் நிலக்கிழார்களும் ஒதுங்கி நின்றார்கள், சிலர் சேர்ந்தே கொண்டார்கள். அவர்களுக்கும் அதே வரிதான் வந்திருந்தது.

ஹென்றி டாபனியைத் திருப்பி அழைத்தார். அரசியும், பின்னாளில் எட்டாம் ஹென்றியாகப் போகும் ஆறு வயது நிரம்பாத இளவரசரும் பாதுகாப்புக்காக லண்டன் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜூன் 14 அன்று கில்ட்ஃபர்ட் அருகே டாபனியின் குதிரை வீரர்களோடு சிறு மோதல் நடந்தது.

ஃபிளாமாங்க் ஒரு கணக்குப் போட்டிருந்தார். கென்ட் மாவட்டம் கிளர்ச்சிக்குப் பேர்போனது. 1381 உழவர் கிளர்ச்சியும் 1450-இல் ஜாக் கேட் கிளர்ச்சியும் அங்கே மூண்டவை. கென்ட் மக்கள் சேர்ந்துகொண்டால் லண்டன் பணிந்துவிடும் என்று நம்பினார். கென்ட் அசையவில்லை. அங்கிருந்த பிரபுக்கள் அரசர் பக்கம் உறுதியாக நின்றார்கள். அந்த நொடியிலேயே கிளர்ச்சி தோற்றுவிட்டது என்று சொல்லலாம், ஏனென்றால் அதன்பிறகு கார்ன்வால்காரர்கள் அந்நிய மண்ணில் தனியாக நின்றார்கள். கூட்டத்திலிருந்து பலர் இரவோடு இரவாகக் கழன்றுகொண்டார்கள். அரசரிடம் சரணடைந்துவிடலாமா என்று தலைமைக்குள் பேச்சு வந்தபோது போரிட்டே தீர வேண்டும் என்று நின்றவர் கொல்லர் ஜோசஃப்.

ஜூன் 17

லண்டனுக்குத் தென்கிழக்கே பிளாக்ஹீத் மேட்டில் அவர்கள் தங்கினார்கள். அரசரிடம் 25,000 பேர் அளவுக்குப் படை சேர்ந்துவிட்டது. குதிரைப்படையும் பீரங்கியும் இருந்தன. மறுபக்கத்தில் இரண்டும் இல்லை. ஜூன் 17 சனிக்கிழமை காலை, ஆக்ஸ்ஃபர்ட், எசெக்ஸ், சஃபோக் பிரபுக்கள் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தார்கள், டாபனி டெப்ட்ஃபர்டில் ரேவன்ஸ்போர்ன் ஆற்றுப் பாலத்தைத் தாக்கினார். பாலத்தில் நின்ற கார்னிஷ் வில்லாளிகள் பெரும் சேதம் விளைவித்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் துணைப்படை நிறுத்தப்படவில்லை. பாலம் போனது, எல்லாம் போனது. ஒரு கட்டத்தில் டாபனியையே பிடித்துவிட்டார்கள்; கொல்லாமல் விட்டுவிட்டார்கள். போரில் வெற்றிபெறும் எண்ணத்தைவிட, தாங்கள் அரசரின் குடிகள்தான் என்ற எண்ணம் அவர்களுக்குள் இன்னும் மிச்சம் இருந்ததற்கு அது அடையாளம் என்று எனக்குப் படுகிறது.

மைக்கேல் ஜோசஃப் தேவாலயத்தில் தஞ்சம் புகக் கிரீன்விச் பக்கம் ஓடியபோது பிடிபட்டார். ஜூன் 27 அன்று அவரும் ஃபிளாமாங்க்கும் லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்கள்; அவர்களின் உடல்கள் துண்டாக்கப்பட்டன. பிரபு என்பதால் ஆட்லிக்கு மறுநாள் டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்டது. தூக்குமேடைக்குப் போகும் வழியில் தன் பெயர் என்றும் நிலைக்கும், புகழ் அழியாது என்று ஜோசஃப் சொன்னதாக பதினாறாம் நூற்றாண்டு வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. உடல் பாகங்களைக் கார்ன்வாலுக்கு அனுப்பிக் காட்சிக்கு வைக்க முதலில் திட்டமிருந்தது. அங்கே இன்னும் கொதிப்பு அடங்கவில்லை என்று கேள்விப்பட்ட அரசர் அதைக் கைவிட்டார்.

தோல்விக்குப் பிறகு நடந்தவை

1. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது எழுச்சி. செப்டம்பர் 7 அன்று பர்கின் வார்பெக் கார்ன்வாலின் மேற்கு முனையில் வந்து இறங்கினார். பாட்மினில் அவரை நான்காம் ரிச்சர்ட் என்று அறிவித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். எக்ஸிடர் நகர் முற்றுகையில் தோற்று, டான்டனில் தன்னை நம்பி வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு அவர் ஓடிப்போனார். பியூலி மடத்தில் தஞ்சம் புகுந்து பின்பு சரணடைந்தார். 1499-இல் தூக்கிலிடப்பட்டார். மே மாதத்தில் அரசரிடம் முறையிடக் கிளம்பிய மக்கள் செப்டம்பரில் வேறொரு அரசரைத் தேடினார்கள். முறையீட்டுக்குக் கிடைத்த பதில் அவர்களை எங்கே தள்ளியது என்பது இதிலிருந்து தெரியும்.

2. ஹென்றி பெருமளவில் தலைகளை வெட்டவில்லை, பைகளைக் காலி செய்தார். ஆணையர்கள் ஊர் ஊராகப் போய் அபராதம் விதித்தார்கள். தனிநபர்கள், ஊர்கள், மடங்கள் யாரும் தப்பவில்லை. மொத்தம் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டியது, வசூல் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

3. ஸ்காட்லாந்துப் போர் அடங்கிப்போனது. எல்லையில் அந்தக் கோடையில் சில மோதல்கள் நடந்தன, ஆனால் திட்டமிட்ட பெரும் படையெடுப்பு நடக்கவில்லை. 1497 செப்டம்பர் இறுதியில் எய்ட்டன் என்ற இடத்தில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. 1502-இல் அது நிரந்தர அமைதி உடன்படிக்கையானது. 1503-இல் ஹென்றியின் மகள் மார்கரெட் நான்காம் ஜேம்ஸை மணந்தார். அந்தத் திருமணத்தின் கொள்ளுப்பேரன்தான் 1603-இல் இரண்டு நாடுகளுக்கும் அரசரான ஆறாம் ஜேம்ஸ். சமாதானத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஸ்பெயினோடு நடந்த திருமணப் பேச்சு உட்பட. ஆனால் தெற்கு பற்றி எரியும்போது வடக்கே படை அனுப்ப முடியாது என்ற பாடம் ஹென்றிக்கு நேரில் கிடைத்திருந்தது.

4. வரி கேட்கும் முறை மாறியது. இது எனக்கு முக்கியமாகப் படுவது. 1497-க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்ட ஹென்றி, நாடாளுமன்றத்தை ஒரே ஒரு தடவைதான் கூட்டினார், 1504-இல். அப்போதும் போர் வரி கேட்கவில்லை. மகன் ஆர்தருக்கு வீரப்பட்டம் சூட்டியதற்கும் மகள் திருமணத்துக்கும் பழைய நிலமானிய வழக்கப்படி வர வேண்டிய உதவித்தொகையைக் கேட்டார். உறுப்பினர்கள் அந்த வழக்கப்படி கணக்கெடுப்பு நடப்பதை விரும்பாமல் 40,000 பவுண்டு தருவதாகச் சொன்னார்கள். அரசர் 30,000 போதும் என்றார்.

அதற்காக அவர் பணம் சேர்ப்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சுமை சாதாரண மக்களிடமிருந்து பிரபுக்கள், வசதி படைத்தவர்கள் பக்கம் திரும்பியது. நன்னடத்தைக்குப் பிணைப் பத்திரம், பழைய குற்றங்களுக்கு அபராதம், மறந்துபோன நிலக் கட்டணங்களைத் தோண்டி எடுப்பது என்று ரிச்சர்ட் எம்ப்சன், எட்மண்ட் டட்லி ஆகியோர் மூலம் வேட்டை நடந்தது. அந்த வெறுப்பு எவ்வளவு என்றால், எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்ததும் அவர்கள் இருவரையும் கைது செய்து 1510-இல் தலையை வெட்ட வைத்தார், ஊர் கொண்டாடியது.

5. வெள்ளீயச் சாசனம் திரும்பி வந்தது. 1508-இல் சுரங்கக்காரர்கள் 1,000 பவுண்டு கட்டி மன்னிப்புச் சாசனம் பெற்றார்கள். பழைய உரிமைகள் திரும்பியதோடு முன்பு இல்லாத ஒன்றும் கிடைத்தது: சுரங்கத் தொழில் பற்றி அரசரோ கோமகனோ புதிய சட்டம் கொண்டுவந்தால், சுரங்கப் பகுதிகளின் 24 பிரதிநிதிகளின் சம்மதம் வேண்டும். காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் 1496-இல் யாரையும் கேட்காமல் விதி போட்டவர்கள், பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கேட்டுவிட்டுத்தான் போடுவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிரதிநிதி மன்றம் கடைசியாகக் கூடியது 1753-இல்.

இது தேசிய இனக் கிளர்ச்சியா?

இன்று கார்ன்வாலில் இந்த நிகழ்வுக்கு வேறொரு முகம் இருக்கிறது. 1997-இல் ஐந்நூறாவது ஆண்டையொட்டிச் செயின்ட் கெவர்னிலிருந்து பிளாக்ஹீத்வரை மக்கள் அதே வழியில் நடந்தார்கள். செயின்ட் கெவர்னில் ஜோசஃபுக்கும் ஃபிளாமாங்க்குக்கும் சிலை உண்டு. தனி மொழி, தனி அடையாளம் என்று பேசுகிறவர்களுக்கு ஆன் கோஃப் ஒரு கொடி. அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். தன் மொழி பேசிய ஒரு கொல்லர் அரசரின் வாசல்வரை நடந்து போய்க் கேள்வி கேட்டார் என்பது எந்தச் சமூகத்துக்கும் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஆனால் 1497 மே-ஜூன் எழுச்சியைப் பிரிவினை என்று படித்தால் அதில் இருந்த பாதிப்பேரைக் கணக்கிலிருந்து அடித்துவிட நேரும். தலைமை ஏற்ற ஆட்லி கார்ன்வால்காரர் அல்ல. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் தனி ஆட்சி இல்லை. ஆலோசகர்களை நீக்கு, வரியை நிறுத்து என்பதே இருந்தது. உதவி தேடிப் போனதும் கென்ட்டின் ஆங்கிலேய விவசாயிகளிடம். கிளர்ச்சி முடிந்தபின் அரசரின் ஆணையர்கள் அபராதம் வசூலித்த மாவட்டங்களின் பட்டியலில் கார்ன்வாலோடு டெவன், சாமர்செட், டார்செட், வில்ட்‌ஷர், ஹாம்ப்‌ஷர் எல்லாம் இருக்கின்றன. அங்கெல்லாம் ஆங்கிலம்தான் பேசினார்கள்.